காஜாக்கா சூரியனைத் தரையில் இறக்கிய நாள்

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் காஜா. அந்தத் துளையை மட்டுமே பாதி ஆயுளாகப் போட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்குக் காஜாக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உண்மைப் பெயரைக் கேட்டால் பக்கத்து மிஷின்காரிகூட உதட்டைப் பிதுக்குவாள்.

சட்டையின் முன்பட்டியை மிஷினுக்கு அடியில் வைத்து மிதியை அழுத்தினால் ஊசி இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போகும். தைத்து முடித்ததும் சின்னக் கத்தி ஒன்று டக்கென்று இறங்கி நடுவில் கீறும். கத்தி ஒரு நூல் தள்ளி இறங்கினாலும் சட்டை குப்பைக்குத்தான். காஜாக்கா கையிலிருந்து குப்பைக்குப் போன சட்டையை யாரும் பார்த்ததில்லை. அவள் தையலின் நெருக்கத்தைப் பார்த்து, “எறும்புகூட உள்ள நுழைய யோசிக்கும்” என்பார்கள். அவள் வாயும் அந்த மிஷின் மாதிரிதான். பொறுமையாகத் தைத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரே கீறல்.

முன்பெல்லாம் அந்தத் தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். அது ஒருத்தி கையில் இருந்தால் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காஜாக்கா கோஷம் போடவில்லை. மேனேஜர் மாடிக்கு வருகிற நேரம் பார்த்து எல்லோரையும் டோக்கன் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். “எல்லாருக்கும் அவசரம் சார். ஒவ்வொருத்தியா போயிட்டு வர்றோம். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க” என்றாள். மிஷின்கள் அத்தனையும் அடங்கிப்போய், அந்தக் கூடத்தில் முதல் தடவையாகச் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் டோக்கனைக் காணோம். எங்கே போயிற்று என்று மேனேஜரும் கேட்கவில்லை.

அந்த மேனேஜருக்குப் பெண்கள் வைத்த பெயர் ‘ஆகாது சார்’. மின்விசிறி கேட்டாலும் ஆகாது, குடிதண்ணீர் கேட்டாலும் ஆகாது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும்.

அவர்தான் ஒரு காலை ஒலிபெருக்கியில் அறிவித்தார். “அடுத்த வியாழக்கிழமை சூரிய கிரகணம். அன்னிக்கு முழுக்க ஷட்டர் இறக்கியிருக்கும். கதவு பூட்டியிருக்கும். யாரும் வெளிய போகக் கூடாது. சாப்பாடும் மிஷின் பக்கத்துலயே. எல்லாம் உங்க கண்ணோட நல்லதுக்குத்தான்.”

“நம்ம கண்ணு மேல இவருக்கு எப்பத்திலிருந்து இவ்வளவு பாசம்?” என்றாள் பேக்கிங்கில் சட்டை மடிக்கிற ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் மாலைதான் மூடுவாள் என்பதால் அந்தப் பெயர். “என் தலைக்கு மேல டியூப்லைட் செத்துக் கிடக்கு. இருட்டுல தடவித் தடவி மடிக்கிறேன். அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?”

காஜாக்கா சிரிக்கவில்லை. கிரகணத்தைப் பற்றி நூலகத்துப் பத்திரிகையில் அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். நிலா நேர் குறுக்கே வந்து நின்று, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாக எரியும் என்று போட்டிருந்தது. இந்த ஊருக்கு மேல் அப்படி ஒன்று இனி வரும்போது இங்கே இருக்கிற ஒருத்தியும் உயிரோடு இருக்கமாட்டாள். நிலாவும் சூரியனும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து தலைக்கு மேலே ஒன்றாக நிற்கப்போகின்றன. அந்த நேரத்தில் இருநூறு பெண்கள் தகர ஷட்டரைப் பார்த்துக்கொண்டு காலர் தைக்க வேண்டுமாம்! அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். கணவனின் தங்கை அவள். அதே தொழிற்சாலையில் சட்டையின் பிசிறு நூல் வெட்டுகிறாள். அவளுடைய வலது கண்ணின் பார்வைக்கு நடுவில் ஓர் அழுக்குக் கறை உண்டு. எதிரே நிற்பவரை அந்தக் கண்ணால் நேராகப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது.

“பூட்டட்டும் அண்ணி. நல்லதுதான்” என்றாள்.

“உன்னையும்தான் அன்னிக்குப் பூட்டி வெச்சாங்க. என்ன நல்லது நடந்துச்சு?”

நாத்தனார் வலது கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சூரிய கிரகணம். எல்லாப் பிள்ளைகளையும் வகுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பார்க்காதே என்றார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அப்படி என்னதான் இருக்கிறது என்ற குறுகுறுப்பு. யாரோ கொண்டுவந்த கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாக வலது கண்ணால் ஆசைதீரப் பார்த்தாள். வலிக்கவே இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. மறுநாள் காலையில் எழுந்து இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே அம்மாவைப் பார்த்தால் அம்மாவுக்கு முகம் இல்லை.

“பயமுறுத்தத் தெரிஞ்சவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து விளக்கத் தெரியல” என்றாள் காஜாக்கா. “அன்னிக்கு யாராவது உனக்குப் பார்க்கிற வழியைக் காட்டியிருந்தா உன் கண்ணு போயிருக்குமா? வியாழக்கிழமையும் அதேதான் நடக்கும், பாரு. இருநூறு பேரைப் பூட்டுவாங்க. கழிப்பறை ஜன்னல்ல பத்துப் பேராவது எட்டிப் பார்ப்பாங்க. எதை வெச்சுப் பார்ப்பாங்க? கையில கிடைச்சதை வெச்சு.”

“அதுக்கு நீங்க என்ன பண்ணப்போறீங்க?”

“எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய்க் காட்டப்போறேன்.”

“ஆமா, ஆகாது சார் ஆரத்தி எடுத்து அனுப்பி வைப்பாரு” என்றாள் நாத்தனார். “அண்ணா, உன் பொண்டாட்டிக்கு வேலை போகப்போகுது. இப்பவே இன்னொரு வண்டி ஓட்டப் பாத்துக்க.”

வேன் ஓட்டிவிட்டு வந்து அசதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசினான். “நான் சாப்பிடறேன்” என்றான்.

மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

“ஆகாது” என்றார் அவர், அவள் உட்காருவதற்கு முன்பே.

“நான் ஒண்ணும் கேக்கவே இல்லையே சார்.”

“கேக்கத்தானே வந்திருக்க?”

கழிப்பறை ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலையும் அடைக்கிறேன் என்றார். காற்று வரவேண்டாமா என்றாள். சாப்பாட்டு நேரத்தைக் கிரகண நேரத்துக்கு மாற்றினால் போதும், முற்றத்திலேயே நிற்போம், ஒரு தையல்கூடக் குறையாது என்றாள். யாரும் சூரியனை அண்ணாந்து பார்க்கவேண்டியதில்லை, சூரியனைத் தரையில் இறக்கிக் காட்டுகிறேன் என்றும் சொன்னாள்.

“தரையில இறக்குவியா? கயிறு கட்டியா?”

“துளை போட்டு. நான் வேற என்ன போடறேன் இங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை விழுங்கிவிட்டு மேஜைமேல் சாய்ந்தார். “ஒருத்திக்குக் கண்ணுல பிரச்சினைன்னு வந்தா முதலாளி என் தலையை உருட்டுவாரு. அப்ப?”

“உங்க தலை எதுக்கு? என் வேலையை எடுத்துக்குங்க. ஒரே ஒருத்திக்கு ஒரு கண்ணு மங்கினாலும் மறுநாள் நான் மிஷின்ல உக்காரல.”

சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். அவள் வேலையில்தான் பாதி வீடு ஓடுகிறது. ஆனால் சொன்ன வார்த்தையைப் பிடித்து இழுக்க முடியுமா?

“சரி பார்க்கலாம். முதல்ல எனக்குக் காட்டு” என்றார் அவர். “நாளைக்கே. நம்பினேன்னா திறக்கறேன். இல்லேன்னா பூட்டு.”

விஷயம் எளிமையானது. மெல்லிய துளை வழியாக வெயில் நுழைந்தால் எதிரே விழுவது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். சூரியன் முழுசாக இருந்தால் வட்டம். கடிபட்டிருந்தால் கடிபட்ட வட்டம். முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு தரையைப் பார்த்தால் போதும். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. பத்திரிகையில் ஓர் அட்டையும் ஒரு துளையும் படம் போட்டிருந்தார்கள். ஆனால் இருநூறு பேருக்கு ஒற்றைத் துளை எந்த மூலைக்கு? காஜாக்காவுக்கு வேறு ஒரு யோசனை வந்தது. நூல் கோக்காமல் மிஷினை ஓட்டினால் ஊசி துளையாகப் போட்டுக்கொண்டே போகுமே! துளைகளாலேயே ஒரு வார்த்தையை எழுதினால் ஒவ்வொரு துளையும் ஒரு சூரியனாக விழும். சூரியனாலேயே எழுதின வார்த்தை!

வெட்டும் பகுதியில் சட்டை அளவுகளை வரைந்து வைக்கிற கெட்டி அட்டையில் ஒரு துண்டு வாங்கினாள். கத்தி இல்லாத சாதாரண மிஷின் ஒன்றில் நூலை உருவிவிட்டு, ‘பார்த்தோம்’ என்று வளைத்து வளைத்துத் தைத்தாள். அவளுக்கே உரிய நெருக்கத்தில், ஒரு துளைகூடக் கோணாமல் தைத்தாள். தூக்கிப் பிடித்துப் பார்த்த ரேடியோ, “அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்” என்றாள்.

முற்றத்தில் வெள்ளைத் துணியை விரித்து மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னலெல்லாம் தலைகள். காஜாக்கா அட்டையை வெயிலில் நீட்டினாள்.

துணியில் ‘பார்த்தோம்’ விழுந்தது. தடித்த, மங்கலான கோடுகளாக விழுந்தது. வட்டம் எங்கே? சூரியன் எங்கே? அட்டையை ஏற்றினாள், கோடு இன்னும் தடித்தது. இறக்கினாள், வெறும் கோடு. சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

“இது வெளிச்சம்” என்றார் மேனேஜர். “என் வீட்டு ஜன்னல் கம்பியிலயும்தான் விழுது. அதுல நான் என்ன கிரகணமா பார்க்கறேன்?” திரும்பி நடந்தார். படியேறும்போது சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஜன்னல் தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. காஜாக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. துணியை மடிக்கக் குனிந்தபோது அட்டை இன்னும் கையில் நீட்டியபடியே இருந்தது. அப்போதுதான் பார்த்தாள். எழுத்துகளிலிருந்து விலகி, துணியின் ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம். கச்சிதமான வட்டம். அட்டையைப் புரட்டினாள். தைக்க ஆரம்பிக்கும் முன் ஊசியைச் சோதிக்க மூலையில் ஒரு குத்து குத்தியிருந்தாள். அந்தத் தனித் துளை.

அவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி, அழறீங்களா?” நாத்தனார் ஓடி வந்தாள்.

“அழறதா? அடியே, என் தையல்தான்டி என்னைக் கவுத்துடுச்சு!” காஜாக்கா அட்டையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். “ஒவ்வொரு துளையும் நகம் அளவுக்கு ஒரு சூரியனைப் போடுது. நான் துளையை எறும்பு நுழையாம நெருக்கி வெச்சிருக்கேன். ஒரு சூரியன் மேல இன்னொரு சூரியன், அது மேல இன்னொண்ணு. கூட்டத்துல பஸ் ஏறின மாதிரி! ஒண்ணுக்கும் மூஞ்சி தெரியல.”

“அப்ப?”

“அப்ப என்ன, தைக்கத் தெரியாதவ மாதிரி தைக்கணும்.”

அதுதான் கஷ்டமாக இருந்தது. பெரிய அட்டைகளை ஒட்டி, இருப்பதிலேயே தடித்த ஊசியை மாட்டி, மிதியைத் தொடாமல், சக்கரத்தைக் கையால் உருட்டி ஒரு குத்து. அட்டையைக் கட்டைவிரல் அகலத்துக்கு நகர்த்தி இன்னொரு குத்து. கை தானாக நெருக்கத்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அதைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ரேடியோ, “தள்ளு, தள்ளு, இன்னும் தள்ளு” என்று பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தாள். முடிந்தபோது அட்டை ஒரு கதவு அகலம் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவள் தைத்த மாதிரி கண்றாவியாகவும் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து வெயிலில் தூக்கினார்கள். வெள்ளைத் துணி முழுக்கச் சூரியன்கள் சிதறின. தனித்தனி வட்டங்கள், கோலி உருட்டிவிட்ட மாதிரி, ஆனால் வரிசை பிசகாமல். பார்த்தோம் என்று எழுதியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். கூச்சல் கேட்டு மேனேஜரும் இறங்கி வந்தார்.

“இப்பவும் ஜன்னல் கம்பின்னு சொல்வீங்களா சார்?”

“துளை வட்டமா இருக்கு, வெளிச்சமும் வட்டமா விழுது. இதுல என்ன அதிசயம்?”

காஜாக்கா கத்தரியின் முனையால் அட்டையின் ஓரத்தில் முக்கோணமாகச் சின்னதாக ஒரு துளை வெட்டினாள். துணியில் இன்னொரு வட்டம் சேர்ந்தது. மேனேஜர் குனிந்து துளையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி துளையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மெல்லிய மேகம் ஒன்று சூரியனுக்குக் குறுக்கே போயிற்று. துணியில் இருந்த ஒவ்வொரு சூரியனுக்குள்ளும் ஒரு குட்டி மேகம் ஊர்ந்து போயிற்று. எல்லா வட்டத்திலும் ஒரே நேரத்தில்.

“அட!” என்றார் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் வாயில் யாரும் கேட்காத சத்தம் அது. பிறகு சுதாரித்துக்கொண்டார். “திறக்கறேன். ஆனா நீ சொன்னது சொன்னதுதான். ஒருத்திக்கு ஒரு கண்ணு...”

“தெரியும் சார்.”

அன்றிலிருந்து காஜாக்காவுக்குத் தூக்கம் குறைந்தது. நூலகத்தில் அறிவியல் மன்றத்துக்காரர்கள் கிரகணக் கண்ணாடி கொடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்து, கீறலோ ஊசித்துளையோ இருக்கிறதா என்று காஜா பார்க்கிற கண்ணால் பார்த்தாள். மாட்டிக்கொண்டு டியூப்லைட்டைப் பார்த்தால் கும்மிருட்டாக இருக்க வேண்டும். வெளியே சூரியன் மட்டும்தான் தெரிய வேண்டும். ஒன்றில் லேசாகக் கீறல் இருந்தது. மறு யோசனை இல்லாமல் அதைக் கத்தரித்துப் போட்டாள்.

“ஐயோ, ஒண்ணு குறைஞ்சு போச்சே!” என்று பதறினாள் ரேடியோ.

“கண்ணு குறையறதுக்கு இது பரவாயில்ல.”

பக்கத்துப் பட்டறை வெல்டர் தன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “நான் தினமும் நெருப்பை நேருக்கு நேர் பார்க்கிறவன். இதைவிடவா?” அவர் முகமூடிக் கண்ணாடியின் மூலையில், அது எவ்வளவு கறுப்பு என்று காட்டும் எண் பத்து என்று இருந்தது. சூரியனுக்குப் பதினாலு வேண்டும் என்றாள் காஜாக்கா. “பத்துக்கும் பதினாலுக்கும் நாலுதானேம்மா வித்தியாசம்?” என்றார். “அண்ணே, நாலு மாடி உயரத்துக்கும் தரைக்கும்கூட நாலுதான் வித்தியாசம். குதிப்பீங்களா?” என்றாள். அவர் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நானும் உங்க துணிகிட்டயே நிக்கறேன்” என்று சமாதானமாகிவிட்டார்.

வியாழக்கிழமை வெயில் பளிச்சென்று விழுந்தது. யாரும் சொல்லாமலே மிஷின்கள் பறந்தன. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கவேண்டியதை முடித்துவிட்டு, பெண்கள் முற்றத்தில் இறங்கினார்கள். காஜாக்கா ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் சூரியனுக்கு முதுகு காட்டுங்க. கண்ணாடி ஒரு கை மாறி ஒரு கை வரும். தலையைக் குனிஞ்சு மாட்டணும், அப்புறம்தான் நிமிரணும். பார்த்து முடிச்சதும் குனிஞ்சு கழட்டணும். நிமிர்ந்துகிட்டே கழட்டினா இறங்கி வந்து அறைவேன். கூலிங்கிளாஸ் வெச்சிருக்கிறவங்க இங்க போடுங்க. வேற ஏதாவது வெச்சிருக்கிறவங்களும் போடுங்க.”

ஸ்டூல் பக்கத்தில் இருந்த கூடையில் சாமான்கள் விழுந்தன. ரேடியோ தயங்கித் தயங்கித் முந்தானைக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்தாள். மாமியாரின் முழங்கால்.

“இது ரொம்பக் கறுப்பா இருக்குக்கா. கண்ணே கூசாது.”

“கூசாததுதான் மோசம். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். தெரியாதது உள்ள போய்ச் சுட்டுட்டு வரும். வலிக்காது, கூசாது, மறுநாள்தான் தெரியும். கொடு இங்க. உன் மாமியார் முழங்கால் வழியா நீ எதையும் பார்க்க வேணாம்.”

முற்றமே சிரித்தது. காஜாக்கா சிரிப்புக்கு நடுவே கூட்டத்தைத் துழாவினாள். நாத்தனார் இல்லை. மேலே, பிசிறு வெட்டுகிற மேஜையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்கு, “போதும் அண்ணி. எனக்கும் அதுக்கும் கணக்குத் தீர்ந்துபோச்சு” என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அட்டை ஏறியது. துணியில் சூரியன்கள் விழுந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு யாரோ, “ஐயோ, கடிச்சுட்டாங்க!” என்று அலறினாள். ஆமாம். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் ஒரு சின்னக் கடி. பிஸ்கட்டை எலி கொறித்த மாதிரி. கண்ணாடியில் பார்த்தவள் மேல் பக்கம் என்றாள். துணியில் பார்த்தவள் கீழ்ப் பக்கம் என்றாள். “பொய் சொல்லாதடி!” “நீதான்டி பொய்!” இருவரும் மல்லுக்கு நின்றார்கள். துளை வழியாக வரும்போது வெளிச்சம் குறுக்கே கடந்து தலைகீழாகிவிடும் என்று காஜாக்கா விலக்கிவிட்டாள்.

கடி பெரிதாயிற்று. வட்டங்கள் பிறைகளாயின. வெயிலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்ட மாதிரி வெளிச்சம் நீர்த்துப்போயிற்று. பெண்களின் நிழலில் முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. முற்றத்து மரத்தடியில் இலைச் சந்துகளின் வழியே ஆயிரம் பிறைகள் தரையில் ஆடின. அதை முதலில் பார்த்தது மேனேஜர்தான். “இங்க வாங்க! இங்க பாருங்க! இந்த மரத்துக்கு யார் துளை போட்டது?” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

இருநூறு பேர் கத்துகிற கத்தல் மேலே போகாமல் இருக்குமா? படியில் நாத்தனார் இறங்கி வந்தாள். தலையைக் குனிந்து, கையால் நெற்றிக்கு மறைப்பு வைத்துக்கொண்டு, சுவர் ஓரமாக வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். துணியின் முன்னால் வந்து நின்றாள். கறை நடுவில் வந்துவிடாமல் இருக்க, பழகிய வழக்கமாக முகத்தைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டாள்.

பிறைகளின் இரண்டு முனைகளும் ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தன. தொட்டுக்கொண்டன. துணி முழுக்க வளையங்கள்.

பார்த்தோம் என்ற வார்த்தை முழுவதும் நெருப்பு வளையங்களால் எழுதப்பட்டு அவர்கள் காலடியில் கிடந்தது. ர், த், ம் மேல் இருந்த புள்ளிகள்கூடத் தலைக்கு ஒரு வளையமாக மின்னின. எழுந்த ஆர்ப்பாட்டத்தில் பட்டறைக்காரர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். வெல்டர் முகமூடியைத் தரையில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“அண்ணி” என்றாள் நாத்தனார். “அந்தக் கண்ணாடியைக் கொடுங்க.”

காஜாக்காவுக்கு வேலை, வீடு எல்லாம் நினைவுக்கு வந்தன. தன் கையாலேயே ஒரு கண்ணாடியை மறுபடி சோதித்துவிட்டுக் கொடுத்தாள். நாத்தனார் குனிந்து மாட்டினாள். விளிம்பெல்லாம் முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

அன்று பள்ளிக்கூட ஜன்னலில் எது அவள் வலது கண்ணைச் சுட்டதோ அது இப்போது முழுசாக, சுடாமல், அவள் இடது கண்ணுக்குள் இருந்தது.

“என்னடி தெரியுது?”

“எல்லாம் தெரியுது” என்றாள். குனிந்தாள், கழற்றினாள். கண்ணாடி நனைந்திருந்தது. “இந்தத் தடவை அது என்னை ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி. நான்தான் அதைப் பார்த்துட்டேன்.”

மாலைவரை தொழிற்சாலை முழுக்க அதே பேச்சு. ஆனால் காஜாக்காவுக்கு வேலை இன்னும் முடியவில்லை. கண் சுட்டிருந்தால் மறுநாள் காலைதானே தெரியும்?

மறுநாள் மணி அடிப்பதற்கு முன் அவள் வாசலில் ஊசியும் நூலுமாக நின்றாள். உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தியும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோக்க வேண்டும். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை. நடுப்பார்வையில் சின்னக் கறை விழுந்திருந்தாலும் ஊசியின் காது காணாமல் போகும். வரிசை வளைந்து தெருவரை போயிற்று. காலர் தைக்கிறவள் கோத்தாள். பொத்தான் வைக்கிறவள் கோத்தாள். ரேடியோ பேசிக்கொண்டே கோத்தாள். நாத்தனார் இடது கண்ணால் கோத்துவிட்டு, “வலது கண்ணுக்குப் பழைய விடுமுறை” என்று சொல்லி உள்ளே போனாள். ஒவ்வொரு நூல் உள்ளே நுழையும்போதும் காஜாக்காவின் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கடைசிப் பெண்ணும் கோத்துவிட்டாள். இருநூறு பேரும் நேற்றைப் போலவே பார்த்தார்கள்.

வரிசையின் வாலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

“நானும்தானே பார்த்தேன்” என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நூலை நீட்டினார். போகவில்லை. நாக்கால் ஈரமாக்கி மறுபடி நீட்டினார். போகவில்லை. இடது கண்ணைப் பொத்தினார். நூல் ஊசிக்கு வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் போயிற்று, ஒரு தடவை விரலில் குத்தியது. அவர் முகம் வெளுத்தது. “காஜாக்கா” என்றார் முதல் தடவையாக. “எனக்கு ரெண்டு கண்ணும் போச்சு போலிருக்கே!”

“சார், இதுக்கு முன்னாடி எப்பவாவது ஊசியில நூல் கோத்திருக்கீங்களா?”

யோசித்தார். “இல்ல.”

“கிரகணம் ஒண்ணும் பண்ணல. உள்ள போங்க” என்றாள் காஜாக்கா. ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்து, மிதியை அழுத்தினாள்.